மடிந்த வரியும் முறிந்த முகவரியும்



இலக்கணமும் இலக்கியமும் கேட்டுப் பழகிய இவ்வவையில், ஒரு மின்னஞ்சல் வரியின் நீளத்தைப் பற்றிப் பேசவிருக்கிறோம் என்பது சிலருக்கு வியப்பைத் தரலாம். பொருள் சிறியதே. ஆயினும் கடந்த முப்பது ஆண்டுகளில் தமிழ் மின்வெளியில் நடந்த பயணத்தின் மேடுபள்ளங்கள் பலவற்றை இச்சிறு பொருளின் வழியே காணலாம் என்பது நம் எண்ணம்.

இதில் நமக்கு நாட்டம் பிறந்ததற்கு ஒரு பிழையே காரணம். பல ஆண்டுகளுக்கு முன், கிள்ளான் வட்டாரத்தில் பயின்ற மாணவர் சிலருக்கு, அடுத்த வகுப்புக்குள் படித்து வருமாறு ஐந்து இணைய முகவரிகளை ஒரு மின்னஞ்சலில் அனுப்பினோம். மறுவாரம் ஒருவரும் படித்து வரவில்லை. சோம்பல் என்று கடிந்துகொண்டோம். வகுப்பு முடிந்தபின் ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்து, தாம் அச்சிட்டு வைத்திருந்த தாளை நீட்டினார். ஐந்து முகவரிகளில் நான்கு, வரியின் ஓரத்தில் இரண்டாகவும் மூன்றாகவும் முறிந்து கிடந்தன. முதல் துண்டு மட்டும் நீல நிறத்தில் அடிக்கோடு பெற்றிருந்தது. எஞ்சியவை வெறும் எழுத்துகளாகக் கீழே சிதறிக் கிடந்தன. நீலத் துண்டைச் சொடுக்கியவர்களுக்கெல்லாம் அப்படி ஒரு பக்கமே இல்லை என்ற அறிவிப்புத்தான் கிடைத்திருக்கிறது. நாம் அனுப்பியபோது நம் திரையில் எல்லாம் முழுமையாகவே இருந்தன. வழியில் மடித்தது யார்?

இக்கேள்விக்கு விடை தேடப் புகுமுன் ஓலைச்சுவடியை ஒருகணம் நினைவுகூர்வோம். நம் முன்னோர் செய்யுளை அடி அடியாகப் பிரித்து எழுதவில்லை. ஓலையின் இடக்கோடியில் தொடங்கி வலக்கோடி வரை, கயிறு கோக்கும் துளைக்கு மட்டும் இடம் விட்டுத் தொடர்ந்து எழுதினர். ஓலை முடிந்தால் சொல் பாதியில் நின்றாலும் கவலையில்லை. அடுத்த வரியில் தொடர்ந்தது. மெய்க்குப் புள்ளியில்லை, எகர ஏகார வேறுபாடும் பெரும்பாலும் இல்லை. அப்படியிருந்தும் உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அடி பிரித்து அச்சிட முடிந்தது. எதுகையும் மோனையும் சீரும் தளையும் அவருக்கு வழிகாட்டின. வரி எங்கே மடிந்தாலும் யாப்பு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பொருளும் துணை நிற்கும். ஓர் எழுத்துச் சிதைந்திருந்தால்கூடப் புலமையுடையோர் ஊகித்தறிய இயலும்.

இணைய முகவரிக்கு யாப்பில்லை. அதில் ஓரெழுத்துக் குறைந்தாலும் கூடினாலும் அது வேறொன்றின் முகவரி. அல்லது எதன் முகவரியும் அன்று. படிப்பவர் மனத்தால் இட்டு நிரப்பக்கூடிய எதுவும் அதில் இல்லை. மொழியின் வரியை மடிக்கலாம், முகவரியின் வரியை மடிக்கலாகாது என்ற இவ்வேறுபாட்டை, மின்னஞ்சலை வடிவமைத்தோர் தொடக்கத்தில் எண்ணிப் பார்த்திருக்க இயலாது. அவர்கள் காலத்தில் வலைப்பக்கம் என்ற ஒன்றே இல்லை.

வரிக்கு 80 எழுத்து என்ற அளவு 1928இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட துளையட்டையிலிருந்து வந்தது. அவ்வட்டையில் 80 நெடுவரிசைகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஓர் எழுத்தைத் தாங்கியது. பின்னர்க் கணினித் திரைகள் வந்தபோது அவ்வளவையே அவை பின்பற்றின. 1978இல் வெளிவந்து பரவலாக ஆளப்பட்ட விடி100 முனையத்தின் வழக்கமான அகலமும் 80தான். 1982 ஆகஸ்டில் வெளியான ஆர்எஃப்சி 821 என்னும் மின்னஞ்சல் நெறிமுறை ஆவணம், ஒரு வரி ஈற்றுக் குறிகள் உட்பட 1000 எழுத்துக்கு மேற்படக் கூடாது என்றது. 2001இல் அதன் துணை ஆவணம் புதுக்கப்பெற்றபோது இரண்டு எல்லைகள் தெளிவாக வகுக்கப்பட்டன: 998 எழுத்தைக் கடக்கவே கூடாது, 78 எழுத்தைக் கடக்காதிருத்தல் நன்று. இவற்றுள் முன்னது சட்டம், பின்னது அறிவுரை. ஆனால் மின்னஞ்சல் எழுதும் மென்பொருள்கள் அறிவுரையைச் சட்டமாகவே கொண்டன. அதனினும் குறைத்து 72இல் மடித்தவையும் உண்டு. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. மறுமொழி எழுதுவோர் முன்னவர் வரியின் தலையில் ஒரு கோணக்குறியும் ஓர் இடைவெளியும் இடுவர். இரு முறை மறுமொழி கண்டால் நான்கு எழுத்துகள் கூடிவிடும். 75 எழுத்து கொண்ட வரி 79 ஆகி, மீண்டும் மடிக்கப்பட்டு, நீண்டதும் குட்டையுமாகப் பல்லிழந்த சீப்புப் போலாகிவிடும். அக்கால மடல்களைக் கண்டவர்க்கு அக்காட்சி மறந்திராது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1990களின் முற்பகுதியில் மிமோஸ் நிறுவனத்தின் ஜாரிங் வலையமைப்பு மலேசியாவில் இணையத்துக்கு வாயிலாயிற்று. 1996இல் டிஎம்நெட் வந்தது. தொலைப்பேசிக் கம்பியில் மோடம் கீச்சிட்டுக்கொண்டே இணைந்த காலம் அது. ஒவ்வொரு நிமிடத்திற்கும் கட்டணம் என்பதால், கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் இருந்த ஆர்வலர் மடலை இணைப்பின்றியே எழுதி வைத்துக்கொண்டு, இணைந்தவுடன் அனுப்பிவிட்டுத் துண்டித்துக்கொள்வர். வலைப்பக்கத்தை உலாவிப் பார்ப்பதைவிட மடல்தான் சிக்கனம். தமிழ் முதலில் வேர்கொண்டதும் மடலில்தான். மலேசியரான முத்து நெடுமாறன் 1985 முதல் உருவாக்கிவந்த முரசு மென்பொருள், மின்னஞ்சலுக்கெனப் புதுவடிவம் பெற்றபோது ‘முரசு அஞ்சல்’ என்றே பெயர் கொண்டது. அக்காலத் தமிழருக்குக் கணினி எதற்குப் பயன்பட்டது என்பதை அப்பெயரே சொல்லிவிடுகிறது.

அதற்கு முன்பே தமிழ் எழுத்துருக்கள் இருந்தன. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் உருவாக்கி இலவசமாக வழங்கிய மயிலை எழுத்துரு அவற்றுள் புகழ்பெற்றது. அத்தகைய முதற்கால எழுத்துருக்களில், ரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களிலேயே தமிழ் வடிவங்கள் அமர்ந்திருந்தன. கணினியைப் பொறுத்தவரை அது ரோமன் எழுத்து. அதற்குமேல் தமிழ்ச் சட்டை அணிவித்திருக்கிறோம், அவ்வளவே. இதில் ஒரு பெரும் நன்மை இருந்தது. மின்னஞ்சல் வழங்கிகள் ஏழு துணுக்கு எழுத்துகளை மட்டுமே பழுதின்றிக் கடத்திய காலத்தில், அவ்வாறு எழுதிய மடல் எங்கும் சிதையாமல் சென்றது.

ஆனால் அம்மடலில் ஓர் இணைய முகவரியை இட்டால் என்ன ஆகும்? தமிழ் எழுத்துருவில் பார்த்தால் முகவரியும் தமிழ் வடிவங்களாகத் தெரியும். பொருளற்ற உயிரும் மெய்யும் கொம்பும் காலுமாக ஒரு வரி நிற்கும். ரோமன் எழுத்துருவுக்கு மாற்றினால் முகவரி தெளிவாகும்; தமிழ்ப் பகுதி முழுதும் குழறுபடியாகும். முகவரியைப் படிக்க ஒருமுறை, செய்தியைப் படிக்க ஒருமுறை என எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்க்கவேண்டும். எது தமிழ், எது ஆங்கிலம் என்று கணினிக்குத் தெரியாது. எழுதியவருக்கு மட்டுமே தெரியும். முகவரி முறியாமலேயே படிக்க இயலாமற் போன விந்தை இது.

இவ்விடரை நீக்கும் வகையில் அமைந்ததுதான் தஸ்கி என்று நாம் சுருக்கி அழைக்கும் குறியேற்றம். 1997ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று கூட்டிய தமிழிணைய மாநாட்டையொட்டி எழுந்த கலந்துரையாடல்களில், பல நாட்டுத் தமிழ் ஆர்வலர் மடல்வழியே கூடி இதை வகுத்தனர். 256 இடங்களில் முற்பாதியை ரோமன் எழுத்துக்கு அப்படியே விட்டுவிட்டுப் பிற்பாதியில் தமிழை அமர்த்துவது என்பது அவர்கள் கண்ட வழி. ஒரே எழுத்துருவில் இரு மொழியும் குடியிருக்கலாம் என்றாயிற்று. தஸ்கியின் சிறப்பைப் பேசுவோர் தமிழ் எழுத்துகளின் வரிசையைப் பற்றியே பேசுவர். நமக்கோ, தமிழ் மடலின் நடுவே ஓர் இணைய முகவரி தன் வடிவில் நின்றதே அதன் பெரும்பேறாகத் தோன்றுகிறது.

எனினும் ஓர் இடரைத் தாண்டினால் மற்றொன்று காத்திருந்தது. பிற்பாதி எழுத்துகளுக்கு எட்டாவது துணுக்கு வேண்டும். வழியிலிருந்த பழைய வழங்கிகள் சில அத்துணுக்கைக் களைந்துவிட்டன. களைந்தால் தமிழ் முழுதும் ரோமன் எழுத்துக் குப்பையாகும். இதற்கு மாற்றாக, எட்டுத் துணுக்கு எழுத்து ஒவ்வொன்றையும் ஒரு சமக்குறியும் இரண்டு பதினாறடி இலக்கங்களுமாக மாற்றி அனுப்பும் முறை 1990களின் தொடக்கத்திலேயே வகுக்கப்பட்டிருந்தது. அம்முறையில் ஓரெழுத்து மூன்று எழுத்தாகும். தஸ்கியில் ‘தமிழ்’ என்னும் சொல்லுக்கு நான்கு இடம் போதும். இம்முறையில் அது பன்னிரண்டாகும். மேலும், ஒரு வரி 76 எழுத்தைக் கடக்கக் கூடாது என்பது இம்முறையில் அறிவுரையன்று, விதி. கடந்தால் வரியின் ஈற்றில் ஒரு சமக்குறியை இட்டு மடிக்கவேண்டும். பெறுநரின் மென்பொருள் அக்குறியைக் கண்டு இரு வரியையும் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டிக்கொண்டால் நன்று. ஒட்டத் தெரியாத மென்பொருளில் திறந்தால், தமிழ் வெறும் எண்களாகத் தெரிவது ஒருபுறமிருக்க, முகவரியும் பாழாகும். பல முகவரிகளில் சமக்குறி இயல்பாகவே இடம்பெறும். மாறா எழுத்தாகிய அச்சமக்குறியும் இம்முறையில் மாற்றப்பட்டு, அதன் பின்னால் 3 என்னும் எண்ணும் டி என்னும் ரோமன் எழுத்தும் வந்து ஒட்டிக்கொள்ளும். அக்காலத்தில் நமக்கு வந்த மடல்களில் எத்தனை முகவரிகளின் நடுவிலிருந்து இந்த 3டியைக் களைந்தெடுத்திருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. காரணம் அறியாமலே களைந்தோம். களைந்தால் பக்கம் திறக்கும் என்ற பட்டறிவு மட்டும் இருந்தது.

வரி மடிவதால் முகவரிக்கு நேர்ந்தது செய்யுளுக்கும் நேர்ந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை உலகெங்குமுள்ள தன்னார்வலர் தட்டச்சிட்டுப் பகிரும் முயற்சி. தட்டச்சிட்டோர், மெய்ப்புப் பார்த்தோர், தொகுத்தோர் எனப் பலரும் வெவ்வேறு நாட்டினர். அவர்களை இணைத்த கயிறு மின்னஞ்சல். நூலை மடலின் உடலிலேயே ஒட்டி அனுப்பினால், நெடிய அடிகளைக் கொண்ட விருத்தப்பாக்கள் வழியில் மடிந்துவிடும். நாற்சீரடியும் எண்சீரடியும் ஒரே நீளத்தில் வெட்டுண்டு வந்தால் பாவின் உருவமே தெரியாது. ஓலையில் உ.வே.சா. எதிர்கொண்ட அதே வேலை, நூறாண்டு கடந்து மின்திரையில் மீண்டும் வந்து நின்றது. நூலைத் தனிக் கோப்பாக இணைத்தனுப்பினால் இத்தொல்லை இல்லை. கோப்பின் உள்ளே எவரும் கைவைப்பதில்லை. செய்யுளுக்கு இவ்வழி இருந்தது. ஒற்றை முகவரியை யாராவது கோப்பாக இணைத்தனுப்புவரோ?

முகவரிக்கென்றே சொல்லப்பட்ட தீர்வுகளுள் முதலாவது மிக எளியது, இன்றும் பயன்படுவது. 1994 டிசம்பரில் டிம் பெர்னர்ஸ்-லீயும் மற்றிருவரும் எழுதிய ஆர்எஃப்சி 1738 என்னும் ஆவணம், முகவரியின் முன்னும் பின்னும் < > என்னும் கோண அடைப்பை இடுமாறு பரிந்துரைத்தது. அடைப்புக்குள் வரி மடிந்திருந்தால், அம்மடிப்பையும் இடைவெளியையும் கணக்கில் கொள்ளாமல் முழுவதையும் ஒன்றாகப் படித்துக்கொள்ளவேண்டும் என்பது கருத்து. முகவரியின் தொடக்கமும் முடிவும் எங்கே என்பதை எழுதியவரே வேலியிட்டுச் சொல்லிவிடுகிறார். 2005இல் வந்த புதிய ஆவணமும் இவ்வழக்கத்தை வலியுறுத்தியது. அதில் மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. வரியின் ஈற்றில் ஒரு சிறுகோடு நின்றால், அது முகவரிக்குரியதா, அல்லது சொல்லை மடித்த அச்சுக்கோப்பவர் இட்டதா என்று உறுதியாகக் கூற இயலாது. ஆகவே மடிக்கும்போது சிறுகோட்டைச் சேர்த்தலாகாது. அச்சகம் நடத்துவோரும் நூல் வெளியிடுவோரும் மனங்கொள்ளத்தக்க செய்தி இது.

இரண்டாவது தீர்வு 1999 ஆகஸ்டில் வந்தது. பெறுநரின் திரைக்கேற்ப வரிகள் தாமே ஒழுகிச் சேரும் முறை என்று அதைச் சொல்லலாம். ஒரு வரியின் ஈற்றில் ஓர் இடைவெளி இருந்தால் அது தற்காலிக மடிப்பு. இல்லையேல் எழுதியவரே வேண்டிச் செய்த மடிப்பு. கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியில் இவ்வளவு பொருளை ஏற்றியது நுட்பமான சிந்தனைதான். இடைவெளியற்ற நீண்ட முகவரியை இம்முறை உடைப்பதில்லை. 998 என்னும் எல்லை வரை ஒரே வரியில் விட்டுவிடும். சீனம், சப்பானியம் போலச் சொற்களுக்கிடையே இடைவெளி விடாத மொழிகளுக்காக 2004இல் இதற்குத் திருத்தமும் வந்தது. ஆனால் எல்லா மென்பொருளும் இதை ஏற்கவில்லை. இருவருள் ஒருவருடையது ஏற்காவிட்டாலும் முறையே பயனற்றுப்போகும். ஆகவே இது நல்ல சட்டமாக ஏட்டில் இருந்தது. நம் மாணவர்க்கு வந்த மடலில் இல்லை.

மூன்றாவது, முகவரியையே குறுக்கிவிடுவது. 2002இல் தொடங்கிய டைனியூஆர்எல் சேவை, எத்துணை நீண்ட முகவரியையும் ஒரு வரிக்குள் அடங்கும் குறுமுகவரியாக்கித் தந்தது. மடலில் முகவரி முறியும் தொல்லைக்கே அது மருந்தாக முதலில் பரவியது. மருந்துக்குப் பக்கவிளைவு இருந்தது. குறுமுகவரியைப் பார்த்து அது எங்கே அழைத்துச் செல்லும் என்று அறிய இயலாது. அச்சேவை மூடப்பட்டால், அதன் வழியே சுட்டிய ஆயிரமாயிரம் மேற்கோள்களும் ஒருங்கே அழியும். 2009இல் தொடங்கிய கூகுளின் குறுமுகவரிச் சேவை, பத்தாண்டில் புதியவற்றைத் தருவதை நிறுத்தியது. 2025இல், பயன்பாடின்றிக் கிடந்த பழைய குறுமுகவரிகளைச் செயலிழக்கச் செய்தது. பயன்பாடின்றிக் கிடப்பது என்றால் என்ன? பத்தாண்டுக்கு முன் எழுதிய ஓர் ஆய்வேட்டின் அடிக்குறிப்பை ஆண்டுக்கு ஒருவர்கூடச் சொடுக்காதிருக்கலாம். அதற்காக அக்குறிப்பு வேண்டாததாகிவிடுமா? ஆய்வேட்டில் குறுமுகவரியை மட்டும் தருவதை நாம் ஏற்பதில்லை.

இதுவரை சொன்னவை ரோமன் எழுத்து முகவரிகளின் கதை. ஒருங்குறி வந்தபின் முகவரியே தமிழில் அமையத் தொடங்கியது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பும் தமிழ். ஆகவே முகவரியின் ஈறும் தமிழ். உலாவியின் மேற்பட்டையில் பார்க்க அழகாக இருக்கும். அதை நகலெடுத்து மடலில் ஒட்டினால், பல உலாவிகளில் தமிழ் மறைந்து, விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் ரோமன் எழுத்துகளும் கலந்த ஒரு நீண்ட வால் வந்து விழும். காரணம் எளிதே. ஒருங்குறியில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. முகவரி விதிப்படி ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு பதினாறடி இலக்கங்களுமாக எழுதப்பட வேண்டும். மும்மூன்று ஒன்பது. கொம்பும் காலும் புள்ளியும்கூடத் தனித்தனிக் குறிகளாகையால், ஒவ்வொன்றுக்கும் ஒன்பது.

மாணவர்கள் இதைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். தமிழ் விக்கிப்பீடியா முகவரியின் மாறாத முற்பகுதி 30 எழுத்து. அதன்பின் ‘மேரு’ என்று தலைப்பு வந்தால் நான்கு குறி, 36 எழுத்து, ஆக 66. மடிப்புக்குத் தப்பிவிடும். ‘தமிழ்’ என்றால் ஐந்து குறி, 45, ஆக 75. வரிக்கு 76 எனக் கொண்ட மென்பொருளில் மயிரிழையில் தப்பும். 72 எனக் கொண்டதில் முறியும். ‘கிள்ளான்’ என்றால் 102. ‘கோலாலம்பூர்’ பதினொரு குறி, 99 எழுத்து; ஆக 129. ‘பிரிக்பீல்ட்ஸ்’ என்று எழுதினால் 156 ஆகி மூன்றாம் வரிக்குச் சென்றுவிடும். ரோமன் எழுத்தில் கோலாலம்பூரை எழுத, இடையிலுள்ள அடிக்கோட்டையும் சேர்த்துப் 12 எழுத்தே போதும். ஓர் ஊரின் பெயரைத் தன் மொழியில் எழுதியவர் எட்டு மடங்குக்குமேல் விலை கொடுக்கிறார். இது யாரும் தமிழுக்கு எதிராக வேண்டுமென்று செய்ததன்று. முகவரி விதிகள் வகுக்கப்பட்ட நாளில் நாம் அங்கு இல்லை என்பதே காரணம். தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குறியோடு ஏற்ற தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தில் உயிர்மெய் ஒவ்வொன்றும் ஒரே குறி. அதன்படி கோலாலம்பூர் ஆறு குறியில், 54 எழுத்தில் அடங்கிவிடும். ஆனால் அது உலகப் பொதுவில் செல்லாத தனிப்பயன் பகுதியில் அமைந்தது. ஆகவே முகவரிக்கு உதவாது.

தமிழ் விக்கிப்பீடியர் இத்தொல்லையை நன்குணர்ந்திருந்தனர். கட்டுரையோடு ஒரு குறுந்தொடுப்பையும் சேர்த்தே காட்டும் வழக்கம் அங்கு எழுந்தது. அனைத்து விக்கிமீடியத் திட்டங்களுக்குமான குறுமுகவரிச் சேவை 2019இல் வந்தது. வணிக நிறுவனத்தின் குறுமுகவரிக்கும் இதற்கும் வேறுபாடுண்டு: கட்டுரையைக் காப்பவரே அதன் குறுமுகவரியையும் காக்கின்றனர். அந்த அளவில் இது நம்பத்தக்கது.

இனி, மொழியாசிரியர்களாகிய நமக்கே உரிய ஓர் இடரைச் சொல்லவேண்டும். இது எந்தப் பன்னாட்டு ஆவணத்திலும் நாம் காணாதது. தமிழ் ஒட்டுநிலை மொழி. பெயருக்குப் பின் வேற்றுமை உருபு ஒட்டும். ஒட்டும்போது புணர்ச்சி நிகழும். முகவரியும் ஒரு பெயர்தானே என்று கருதி, அதன் ஈற்றிலேயே ‘இல்’ என்றும் ‘ஐ’ என்றும் உருபை ஒட்டி எழுதும் பழக்கம் நம்மிடம் உண்டு. ரோமன் எழுத்தில் முடியும் முகவரியாயின், பழைய மென்பொருள்கள் தமிழ் எழுத்தைக் கண்டதும் முகவரி முடிந்தது என்று கொண்டன, பிழை நேரவில்லை. தமிழ் எழுத்தையும் முகவரியின் பகுதியாக ஏற்கும் இக்கால மென்பொருள்களில், உருபும் முகவரிக்குள் நுழைந்துவிடும். ஈறு தமிழாகவே இருந்தால் இன்னும் மோசம். ‘தமிழ்’ என்று முடியும் முகவரியோடு ‘இல்’ சேர்ந்தால் ‘தமிழில்’ ஆகும். மெய்யும் உயிரும் புணர்ந்து புள்ளியே மறைந்துவிட்டது. உருபை நீக்கினால்கூடப் பழைய முகவரி தானாகத் திரும்பி வராது. எழுத்ததிகாரம் படித்த எவருக்கும் இது இயல்பான புணர்ச்சி. கணினிக்கோ இது வேறொரு பக்கத்தின் பெயர்.

இதற்கான தீர்வும் நம் மொழியிலேயே இருக்கிறது. பிறர் கூற்றை மாற்றாமல் எடுத்தாளும்போது நாம் ‘என’, ‘என்று’, ‘என்னும்’ ஆகிய சொற்களை ஆள்கிறோம். கூற்றைத் தொடாமல் நிறுத்திவிட்டு, உருபை அடுத்த சொல்லின்மீது ஏற்றிவிடுகிறோம். முகவரியையும் அவ்வாறே கோண அடைப்புக்குள் தனித்து நிறுத்தி, ஓர் இடைவெளி விட்டு, ‘என்னும் முகவரியில் காண்க’ என்று எழுதினால் புணர்ச்சிக்கே இடமில்லை. வாக்கிய ஈற்றுப் புள்ளியும் முகவரியின் காலில் ஒட்டாது. இதை நாம் சில ஆண்டுகளாக மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சியின்போதே சொல்லித்தருகிறோம். தொழில்நுட்பப் பாடமாக அன்று, மேற்கோள் இலக்கணத்தின் ஒரு பகுதியாகவே. அவர்களும் அதை அவ்வாறே எளிதில் ஏற்றுக்கொள்கின்றனர்.

இன்று மின்னஞ்சலைவிடப் புலனம், தொலைவரி ஆகிய செயலிகளின் வழியேதான் ஆசிரியரும் மாணவரும் பகிர்ந்துகொள்கின்றனர் என்பது உண்மை. அவை வரியை மடிப்பதில்லை. ஆனால் நம் நாட்டின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் இன்றும் ஒரு செயலியில் வந்த முகவரி மடலுக்கும், மடலிலிருந்து சொற்செயலிக்கும், அங்கிருந்து அச்சுத் தாளுக்கும் பயணம் செய்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் அது மடியக்கூடும். தாளிலிருந்து கையால் தட்டச்சிடும் மாணவர்க்கு 129 எழுத்து முகவரி ஒரு தண்டனையே. ஆகவே அச்சிடும் தாள்களில் நாம் விழுக்காட்டுக் குறி வாலை இடுவதில்லை. தளத்தின் பெயரையும் கட்டுரைத் தலைப்பையும் தமிழில் தந்து, தளத்திற்குள் தேடுமாறு கூறுகிறோம். மடலில் அனுப்பும்போது, முகவரிக்கு ஒரு வரி ஒதுக்கிக் கோண அடைப்புக்குள் இடுகிறோம். அதை முதலில் நமக்கே அனுப்பி, வந்த மடலிலிருந்து சொடுக்கிப் பார்க்கிறோம். அனுப்பிய திரையை நம்பாமல் பெற்ற திரையை நம்பவேண்டும் என்று அன்று கற்றோம்.

அம்மாணவி தந்த தாள் இன்னும் நம் கோப்பில் இருக்கிறது. அன்று மாலை இருவரும் ஆசிரியர் அறைக் கணினியின் முன் அமர்ந்து, முறிந்த துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டித் தட்டச்சிட்டோம். மூன்று முகவரிகள் முதல் முயற்சியிலேயே திறந்தன. நான்காவது, வரியின் ஈற்றில் ஒரு சிறுகோட்டுடன் முறிந்திருந்தது. சிறுகோட்டோடு தட்டச்சிட்டோம், திறக்கவில்லை. “கோடு இல்லாமல் போட்டுப் பாருங்க சார்” என்றார் அவர். திறந்தது.